ரப்பர் படகின் வலது பக்கம்

“இன்னாக்கா, படகுன்னு சொல்லி இட்டாந்தே? கல்யாணம் முடிஞ்சு அவுத்துப் போட்ட ஷாமியானா மாரி கீது.”

சஃப்வான் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். மர்சலின் சிரிக்கவில்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், காற்றுப் போன ரப்பர் படகு ஒன்று மடங்கிக் கிடந்தது. போன மாதத்து வெள்ளத்தில் இதே படகு பாதி வழியில் சாய்ந்துதான் ராம்குமார் தண்ணீரோடு போனான். அவனைப் பெற்றவர் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் ஷாமியானா பேச்சு வேண்டாம் என்று மர்சலின் கண்ணாலேயே அடக்கினாள்.

லஸ் முனையில் தையல்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் மர்சலின், அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, உண்மை சொல்கிறவர்களிடமும் ரசீது கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. சஃப்வான் திருவல்லிக்கேணிக்காரன். அவளுக்கு டிரைவர், உதவியாள், ஆபத்துக்குத் துணை. வாய் மட்டும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

“காத்தடி,” என்றாள்.

சஃப்வான் கால் பம்பை மிதிக்க ஆரம்பித்தான். தூணில் சாய்ந்திருந்த அய்யாதுரை அண்ணாச்சி மெல்லக் கிட்டே வந்தார்.

அண்ணாச்சிக்கு தி.நகரில் பாத்திரக்கடை, வீடு இங்கே. இரண்டு வெள்ளத்தைப் பார்த்த குடியிருப்பு இது. மூன்றாவதற்கு முன்னால் எதையாவது செய்ய வேண்டும் என்று பழைய ரப்பர் படகு ஒன்றை வாங்கினார். பட்டினப்பாக்கத்தில் படகு பழுது பார்க்கும் டெரிக்கிடம் கொடுத்து, கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டு, வால்வு, தரைப்பலகை, பின்னால் என்ஜின் மாட்டும் கட்டை எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, மாலை போட்டு, குடியிருப்புச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். மழை வந்தது. படகு இறங்கியது. வலது பக்க ஒட்டு விட்டுப்போய் மகன் செத்தான்.

காலாவதியான பசையைத் தெரிந்தே போட்டான் டெரிக் என்பது அண்ணாச்சியின் கட்சி. போலீஸ் வெறும் கவனக்குறைவு என்று வழக்கு எழுதியிருந்தது. அது அவருக்குப் போதவில்லை. தெரிந்தே செய்தான் என்று மர்சலின் ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால் டெரிக் கம்பி எண்ண வேண்டியதுதான்.

“நல்லாப் பாருங்கம்மா. அவன் உங்க சர்ச் ஆளுன்னு கேள்விப்பட்டேன். அதுக்காவ ஒண்ணும் இரக்கம் பாக்காதீங்க.”

“தப்பு பண்ணியிருந்தா நானே பிடிச்சுக் கொடுப்பேன் அண்ணாச்சி. பக்கத்து பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடினா சொந்தமாயிடாது.”

இடது பக்கம் காற்று ஏறி விறைத்தது. வலது பக்கம் மட்டும் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு அமுங்கியே கிடந்தது. அங்கே உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுக்கு ஒரு ஒட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. அண்ணாச்சி குனிந்து அதைப் புரட்டிக் காட்டினார்.

“இதப் பாருங்க. ஒட்டுக்கு அடியில செவப்பு பெயிண்ட் போயிருக்கா? என் பேரு எழுதும்போதே வாயப் பொளந்துட்டுல்லா நின்னுருக்கு! அப்பவே கெட்டுப்போன ஒட்டு. இதவிட என்னம்மா சாட்சி வேணும்?”

உண்மைதான். ஒட்டின் உட்புறத்தில், ஓரமாக, சிவப்புப் பெயிண்ட் கசிந்து காய்ந்திருந்தது. ஒழுங்காக ஒட்டியிருந்தால் பெயிண்ட் அடியில் போக வழியே இல்லை. மர்சலின் அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள். டெரிக்கின் அம்மா சாந்தோமில் அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள்.

வெளிப்புறத்தில் அந்தச் சிவப்பு பெரிய பெரிய எழுத்துகளாக ஓடியது. ‘உபயம்: ப. அய்யாதுரை, தி.நகர்.’ நம்மூரில் பெயர் எழுதாத தானம் தானமே ஆகாது. கோயில் மின்விசிறியின் இறக்கையில்கூட எழுதி வைத்திருப்பார்கள். கரண்ட் போனால்தான் படிக்க முடியும். படகு மட்டும் என்ன பாவம் செய்தது? முதல் சில எழுத்துகள் ஒட்டின் மேல், மீதி படகின் மேல். ‘ய’ வரும் இடத்திலெல்லாம் அடியில் ஒரு சுழி, அணில் வால் போல.

“சஃப்வான், மத்த ஒட்டையெல்லாம் பிச்சுப் பாரு.”

அவன் நகத்தால் கிள்ளினான், சாவியால் நெம்பினான், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஒன்றும் அசையவில்லை.

“பொண்ணு வீட்டுக்கு வந்த மாப்ளை மாரி உக்காந்துகினு கீதுக்கா. எயுந்துக்கவே மாட்டேங்குது.”

“ஒரே ஆளு, ஒரே பசை, ஒரே வேலை. மத்ததெல்லாம் நிக்குது. இது மட்டும் ஏன் விட்டுது?”

மர்சலின் எழுந்து நின்று தள்ளிப்போய்ப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த படகு முழுக்கப் பழுப்பேறிக் கிடந்தது. சிவப்பு எழுத்துகளைச் சுற்றி மட்டும் நீளமாக ஒரு வெளுப்பு, சுவரில் வெகுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் தெரியுமே, அந்த மாதிரி.

“இங்க முன்னாடி என்ன இருந்தது அண்ணாச்சி?”

“பழைய படகுல்லா. என்னமாவது இருந்திருக்கும்.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது ராம்குமாரின் மனைவி ஜெயஸ்ரீ மாடிப்படியில் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வற்றிப்போயிருந்தது.

“கம்ப்ளெய்ண்ட் என் பேர்லதான் இருக்கு மேடம். மாமா எழுதினாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். படகு சாஞ்சப்போ வயசானவங்க ரெண்டு பேரைக் காம்பவுண்டு சுவர்மேல ஏத்தி விட்டுட்டுத்தான் அவர் போனார். யாரைத் திட்டணும்னு எனக்கு சரியாத் தெரியணும். அவ்வளவுதான்.”

*

பட்டினப்பாக்கத்தில் டெரிக்கின் பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆள் செத்த படகை ஒட்டியவனிடம் யார் படகு கொடுப்பார்கள்? உள்ளே அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“வாக்கா. என்னைப் புடிச்சுக் குடுக்கத்தான் அவரு ஒன்ன வெச்சிருக்காருன்னு சொன்னாங்கோ. குந்து.”

“நீ போட்ட பசை பழசா டெரிக்?”

டெரிக் வாதாடவில்லை. எழுந்துபோய்ச் சுவரைக் காட்டினான். அங்கே வரிசையாக ஆணிகளில் ரப்பர் துண்டுகள் தொங்கின. எந்தப் படகை முடித்தாலும், அதே பசையில், அதே நேரத்தில், மிச்சத் துணியில் ஒரு ஒட்டு ஒட்டி ஆணியில் மாட்டிவிடுவான். நாளைக்கு யாராவது குறை சொன்னால் இழுத்துப் பார்க்கச் சொல்ல. அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

“அண்ணாச்சி படகோடது. இஸ்து பாரு.”

சஃப்வான் ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கால் இரண்டையும் தூக்கித் தொங்கினான். கொக்கிதான் கதவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

“கதவுக்கும் நீயே ஒட்டிருக்கலாம்பா,” என்றான் தரையில் உட்கார்ந்தபடி.

“இதப் போலீஸ்ல காட்டலையா?”

“காட்டினேன். நேத்து ஒட்டினியான்னு கேட்டாங்கோ.”

டெரிக் தன் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டான். வேலை முடிந்து படகை வண்டியில் ஏற்றும்போது எடுத்தது. விறைத்து நின்ற படகு. வலது பக்கத்தில் புது ஒட்டு பளபளத்தது. அந்த ஒட்டுக்கு ஒட்டினாற்போலவே, நீல நிறத்தில் பட்டை பட்டையாக ஆங்கில எழுத்துகள். ஈ.சி.ஆர். பக்கம் மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டின் பெயர்.

மர்சலின் வீடியோவை நிறுத்தினாள். வெளுப்பு இருந்த இடம் அதுதான்.

“இந்தப் பேரு உங்கிட்டேருந்து போறப்போ இருந்திருக்கு. இப்ப இல்ல.”

“கம்பெனில அச்சடிச்ச பேருக்கா, லேசுல போவாது. அத இன்னா பண்றதுன்னு சின்னவரு கேட்டாரு. உட்ருங்க சார், சோப்புத் தண்ணி தவுர எதுவும் படக்கூடாதுன்னேன். ஒங்க பேரு வேணும்னா தனித் துணில எய்தி அது மேல ஒட்டித் தரேன்னேன். சரின்னுட்டுப் போனாரு. நல்ல மனுசன்க்கா. சாவ வேண்டிய ஆளே இல்ல.” டெரிக் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். “இதயும் சொன்னேன். செத்தவரு மேல பயிய போடுறியான்னாங்கோ. அதோட வாய மூடிக்கினேன்.”

மர்சலினுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை. அந்த ரப்பர் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

சுழி போடும் பெயிண்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாண்டி பஜாரில் சிக்னலுக்கு நின்றபோது முன்னால் நின்றது அண்ணாச்சி கடையின் டெலிவரி வேன். கதவில் ‘அய்யாதுரை பாத்திரக்கடை’. ‘ய’ அடியில் அணில் வால்.

“வூட்டு ஆளுதான்க்கா,” என்றான் சஃப்வான். “ஊர் பூரா தேடணும்னு நெனச்சேன். அவரு வேன்லயே வால் ஆடிக்கினு கீது.”

வேன் டிரைவர் வழி சொன்னார். மேற்கு மாம்பலத்தில் கடையின் கிடங்குக்குப் பின்னால் பெயிண்டர் வடிவேலு வேலையாக இருந்தார். முன்னால் புத்தம் புதிய எவர்சில்வர் குடிநீர்த் தொட்டி, கோயில் வாசலில் வைக்கிற ரகம். அதில் ஈரம் காயாத எழுத்துகள்: ‘அமரர் ராம்குமார் நினைவாக.’ அதற்குக் கீழே, அதைவிடப் பெரிதாக, ஏற்கெனவே காய்ந்து போயிருந்தது: ‘உபயம்: ப. அய்யாதுரை.’

சஃப்வான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மர்சலின் அவன் காலை மிதித்தாள்.

“படகுக்கும் நீங்கதானே எழுதினீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டாள். “எழுத்து அவ்வளவு அழகா இருந்தது.”

வடிவேலுவுக்கு முகம் மலர்ந்தது. பாராட்டுக்கு ஏங்கிக் கிடக்கிற மனிதனிடம் விசாரணை செய்வதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

“ஆமாம்மா. சின்னவரு கூட்டினு போனாரு. ரப்பர் மேல எழுதுறது செம வேல. மொதல்ல பழைய பேர எடுக்கணுமே! மண்ணெண்ண போட்டேன், அசையல. பெயிண்ட கரைக்கிற தின்னர் ஊத்தித் தேச்சாத்தான் போவும்னேன். சின்னவரு யோசிச்சாரு. ‘ஒட்டுக்காரர் எதுவும் படக்கூடாதுன்னு சொன்னாரேண்ணே’ன்னாரு. அப்புறம் பெரியவருக்கு போன் போட்டாரு.”

“பெரியவர் என்ன சொன்னார்?”

“ஸ்பீக்கர்ல தான் போட்டாரு, என் காதால கேட்டேன். ‘ஊரான் பேரு பக்கத்துல என் பேரா? நாளைக்கு போட்டோக்காரன் வாரான்லா. தேச்சு எடுக்கச் சொல்லுல! ஒட்டுதவன் சொல்லுத கதையெல்லாம் கேட்டுட்டு நிக்கியே, நீ எப்பம் தொழில் பண்ணிப் பொழைக்கப்போற?’ன்னு சத்தம் போட்டாரு. சின்னவருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. போன வெச்சிட்டு, ‘தேய்ங்கண்ணே’ன்னாரு. எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாரு.”

“தேய்க்கும்போது ஒட்டுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஓரம் லேசா எழும்பிச்சு. அது மேலயும் பேரு வரணுமேன்னு அதையும் தொடச்சேன். கையால நல்லா அமுக்கி வுட்டுட்டு எழுதினேன், படிஞ்சுக்குச்சு.” வடிவேலு பிரஷை டின்னில் முக்கினார். “அந்த ஒட்டுக்காரன் பாவி, பசையில ஏமாத்திட்டானாமே. கடைல பேசிக்கினாங்க. அவன்லாம் நல்லா இருப்பானா?”

இந்த மனிதரிடம் என்ன சொல்வது? உன் கையால்தான் என்றா? சொல்லவில்லை. சஃப்வான்தான், வண்டியில் தார் ஒட்டியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லி, கந்தலில் கொஞ்சம் தின்னர் வாங்கிக்கொண்டான்.

தெருமுனை டீக்கடை பெஞ்சில் டெரிக்கின் ரப்பர் துண்டை வைத்து, ஒட்டின் ஓரத்தில் அந்தக் கந்தலை வைத்துத் தேய்த்தார்கள். டீ வந்தது. டீ ஆறியது. சஃப்வான் ஓரத்தை நகத்தால் தூக்கினான். கதவுக் கொக்கியைப் பிடுங்கிய அதே ஒட்டு, கல்லிலிருந்து எடுக்கும் தோசை போல வழுவழுவென்று எழுந்து வந்தது.

அவன் அதைத் திரும்ப வைத்து அமுக்கிப் பார்த்தான்.

“அக்கா,” என்றான் கடைசியில். “இத அவருகிட்ட போய் நாம சொல்லியே ஆவணுமா?”

“நாம சொல்லலேன்னா டெரிக் உள்ள போவான்.”

*

அண்ணாச்சியின் வீட்டுக் கூடத்தில் ராம்குமாரின் படத்துக்கு அன்றைய மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் படகைத் தானம் கொடுத்த நாளின் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வலது பக்கம் முழுசாகத் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ.

மர்சலின் சுற்றி வளைக்கவில்லை. பிரிந்துவந்த ரப்பர் துண்டை டீப்பாயின் மேல் வைத்தாள். பசை நல்ல பசை. ஒட்டியவன் ஒழுங்காக ஒட்டியிருந்தான். பழைய பெயரை அழிக்க ஊற்றிய தின்னர் அந்தப் பசையைத் தின்றது. எழும்பிய ஓரத்துக்கு அடியில்தான் பெயிண்ட் கசிந்தது. அன்றைக்கு அமுக்கியதும் படிந்தது போலத் தெரிந்தது. வெள்ளத்தில் ஆள் பாரம் ஏறியதும் விட்டுக்கொடுத்தது. ஒருவர் பெயரும் சொல்லாமல் இவ்வளவையும் சொல்லி முடித்தாள். ஜெயஸ்ரீ உள்கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி அந்தத் துண்டை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் சட்டென்று கடினமானது.

“அப்பம் அந்தப் பெயிண்டர் பயதான். தின்னர் ஊத்துனா ஒட்டு போவும்னு அவனுக்குத் தெரியாண்டாமா? அவன் மேல கேசு போடணும்.”

இதை மர்சலின் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். இருந்தும் கசந்தது.

“அவருக்குத் தெரியாது அண்ணாச்சி. ஊத்தலாமான்னு கேட்டிருக்கார்.”

“ராமுட்ட கேட்டானா? ராமுக்குத் தெரியும்லா, டெரிக் சொன்னாம்லா! அவன் ஏன் வேண்டாம்னு சொல்லல?”

“சொன்னார்,” என்றாள் மர்சலின். “போன்ல. உங்ககிட்ட.”

அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அவர் உதடு அசைந்தது. அந்த போன் பேச்சை வார்த்தை வார்த்தையாக அவர் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

“அன்னிக்கு சாப்பிடும்போது அவர் எங்கிட்ட சொன்னார் மாமா,” என்றாள் ஜெயஸ்ரீ. அவள் குரலில் அழுகை இல்லை, இருந்திருந்தால் தேவலை. “‘பேரு நல்லா வந்திருக்கு, அப்பா பாத்தா சந்தோஷப்படுவாங்க’ன்னு. வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் வந்து டீப்பாயின் மேலிருந்த துண்டை எடுத்துக்கொண்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும் மேடம். கம்ப்ளெய்ண்ட் என் பேர்ல. ஸ்டேஷனுக்கு நானே போறேன்.”

“நில்லு தாயி.” அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். “ஊரு என்ன சொல்லும்?”

“டெரிக்குக்கும் ஊரு இருக்குல்ல மாமா. அது இத்தனை நாளா சொல்லிட்டுத்தான் இருக்கு.”

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. சஃப்வான் யாரும் சொல்லாமலே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

மர்சலினும் எழுந்தாள். இனி அங்கே அவளுக்கு வேலை இல்லை. ஆனால் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண் தெரியாதவரைப் போல இரண்டு முறை தப்பான இடத்தில் தொட்டு, கடைசியில் ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்க அண்ணாச்சி!” என்றது வடிவேலுவின் குரல், உற்சாகமாக. “தொட்டி முடிஞ்சிருச்சு. பேரு அந்தத் தெருமுனைலேந்து தெரியும்.”

“வடிவேலு… அதுல என் பேரு வேண்டாம்ப்பா. அத எடுத்துரு. அவம் பேரு மட்டும் இருக்கட்டும்.”

“எடுத்துர்றேன் அண்ணாச்சி. ஆனா ஒங்க பேரு நல்லாக் காஞ்சிப் புடிச்சிக்கிச்சே. தின்னர் ஊத்தித்தான் தேய்க்கணும்.” வடிவேலு மரியாதையாகக் காத்திருந்தார். “தேய்க்கட்டுமா?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மகனின் படத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி? ஒங்களக் கேக்காம ஊத்த மாட்டேன். நீங்க சொல்லுங்க.”